ஒற்றைச் செருப்பு

சனிக்கிழமைக்காரிக்கு,

நாம் சேர்ந்து வாங்கி, சனிக்கிழமை நீயும் ஞாயிற்றுக்கிழமை நானுமாக முறை வைத்துப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றிய அந்தக் குதிகால் செருப்பில் ஒன்று, நம் அறையில் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நாம் சண்டை போட்ட அன்று ஆத்திரத்தில் பெட்டி கட்டியபோது ஒற்றையைத்தான் எடுத்துப் போயிருக்கிறாய்.

நேற்று அலுவலகத் தோழியின் பிறந்தநாளுக்கு ரப்பர் செருப்போடு போனேன்.

"அவ எங்கடி?" என்று எல்லோரும் உன்னைப் பற்றிக் கேட்டார்கள்.

"ஊருக்குப் போயிருக்கா."

மூன்று மாதமாக இதையே சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. கேக் தின்றேன், படம் எடுத்தபோது சிரித்தேன், பேருந்தில் நின்றுகொண்டே திரும்பி வந்தேன்.

இன்று காலை அந்த ஒற்றையைத் தைக்கக் கொண்டுபோனேன். குதி தேய்ந்திருந்தது. செருப்புத் தைப்பவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னொண்ணையும் கொண்டு வாம்மா. இதை மட்டும் உசத்தினா நொண்டி நொண்டித்தான் நடக்கணும்."

"கொண்டு வரேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்று நான் பேசியதில் பாதி வாய் தவறி வந்தது. மீதியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

செருப்பைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதே. வருகிற சனிக்கிழமை உன் முறை.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைக்காரி