கிழிந்த பதினான்கு பக்கங்களும் கரும்பலகையில் என் பெயரும்

அனுப்புநர்:
செ. ஜெயராணி,
க/பெ. செம்பியன்,
மீனவர் தெரு, அலையாத்திக்குப்பம்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: நூலின் பக்கங்களைக் கிழித்ததாக என்மீது சுமத்தப்பட்ட பொய்ப் பழியை நீக்கி, உறுப்பினர் அட்டையைத் திரும்ப வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மரியாதையோடுதான் எழுதுகிறேன். கோபத்தோடும் எழுதுகிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

1. மத்திய அரசுப் பணித் தேர்வுக்காக எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் 3.6.2025 அன்று ஆங்கில ‘பிரேசல் வெர்ப்’ நூல் ஒன்றை எடுத்தேன். ‘டேக்’, ‘லுக்’, ‘புட்’ ஆகிய வினைகளோடு அப், ஆஃப், ஓவர் போன்ற சொற்கள் சேர்ந்தால் பொருள் எப்படி மாறும் என்பதைக் கருவாடு காயப்போடும் நேரத்திலேயே மனப்பாடம் செய்தேன். மறுநாள் ‘கெட்’ பகுதிக்கு வந்தால், 61 முதல் 74 வரை பதினான்கு பக்கங்கள் இல்லை. அடியோடு கிழிக்கப்பட்டிருந்தன.

2. உடனே சொல்லப் போனேன். வேலை நாளிலும் நூலகம் பூட்டிக் கிடந்தது. ஆகவே முன்னட்டையின் உட்புறத்தில் ‘61–74 இல்லை, 4.6.2025’ என்று பென்சிலால் எழுதி வைத்தேன். நான் செய்த ஒரே குற்றம் அதுதான்.

3. 17.6.2025 அன்று நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, பொறுப்பாளர் திரு. பாண்டியன் அந்தக் குறிப்பையே என் ஒப்புதல் வாக்குமூலம் என்றார். “மீன் வெட்டுற கை சும்மா இருக்குமா? புஸ்தகத்தயும் வெட்டிடுச்சி” என்று பத்துப் பேர் முன்னிலையில் சிரித்தார். என் அட்டையைப் பறித்துக்கொண்டார். வாசலில் உள்ள கரும்பலகையில் ‘நூல் கிழித்தவர்’ என்று என் பெயரை எழுதினார். அது இன்றும் அங்கே இருக்கிறது. என் மகள் அதைப் படித்துக்கொண்டேதான் தினமும் பள்ளிக்குப் போகிறாள்.

4. என் மாமியார் பட்டம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவர். நேரில் போய் திரு. பாண்டியனிடம் கேட்டார்: “குடுக்கச்சொல்ல நீ எண்ணிப் பாத்தியா? ஒரு கூடை மீனயே நாங்க எண்ணிக் குடுத்து எண்ணித்தான் வாங்குறோம்.” கொடுக்கும்போது பார்க்காமல், வாங்கும்போது மட்டும் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

5. 6.7.2025 அன்று சிதம்பரத்தில் தேர்வு எழுதினேன். ‘டேக்’, ‘லுக்’ பற்றிய கேள்விகள் அனைத்தும் சரி. ‘கெட்’ பற்றிய ஐந்தும் தவறு. நான்கு மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிற்று. பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டவள் நானாக இருந்தால், அந்த ஐந்தையும் கோட்டை விட்டிருப்பேனா?

6. அடுத்த தேர்வு 14.9.2025 அன்று. வயது வரம்பின்படி எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு. தேவையான மற்ற நூல்கள் அந்த நூலகத்தில்தான் உள்ளன. உட்கார்ந்து படிக்கக்கூட என்னை உள்ளே விடுவதில்லை.

7. தேர்வு முடிந்ததும் சிதம்பரத்தில் என் தோழி தமிழினி வீட்டில் இரண்டு நாள் தங்கி, அவரிடமிருந்த அதே நூலைப் பார்த்து அந்தப் பதினான்கு பக்கங்களையும் கைப்பட எழுதினேன். எழுதும்போதே மனப்பாடமாகிவிட்டன, எனக்கு இனி அவை வேண்டியதில்லை. அடுத்து அந்த நூலை எடுப்பவருக்காவது ஐந்து கேள்விகள் போகாமல் இருக்கட்டும். ஆனால், பலகையில் உள்ள என் பெயரைத் திரு. பாண்டியன் தம் கையாலேயே அழித்த பிறகுதான் அவற்றை நூலில் ஒட்ட வேண்டும். அதற்கு முன் ஒட்டினால், திருடியதைத் திருப்பிக் கொடுத்தாள் என்று ஊர் பேசும்.

எனவே, தாங்கள் நேரில் விசாரித்து என் பெயரை அழிக்கச் செய்து, இவ்வாரத்திற்குள் அட்டையைத் திரும்ப வழங்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கருணை கேட்கவில்லை ஐயா, நியாயம் கேட்கிறேன்.

இடம்: அலையாத்திக்குப்பம்
நாள்: 4.8.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) செ. ஜெயராணி

இணைப்பு:
1. தேர்வு விடைத்தாள் நகல்.
2. கைப்பட எழுதிய பக்கங்கள் 61–74. எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொள்ளவும்.