வரிசையில் நின்ற பணம்

அன்புள்ள அப்பா,

ஸ்டேக்கிங்கில் பூட்டிவைத்த கிரிப்டோ பணத்தை அம்மாவின் ஆபரேஷனுக்காக எடுக்கக் கப்பலிலிருந்தே விண்ணப்பித்தீர்களே, அதைப் பற்றி மூன்று தடவை படித்தேன். இப்படிப் பூட்டிய பணம்தான் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டுக்குக் காவலாம்; எல்லோரும் ஒரே நாளில் விலகினால் அந்தக் காவல் இருக்காதாம். அதனால் தினமும் கொஞ்சம் பேரைத்தான் வெளியே விடுவார்களாம். நமக்கு முன்னால் முப்பத்தொரு நாள் வரிசை. யார் சிபாரிசும் செல்லாது.

"உங்கப்பா காசைக்கூட க்யூவுல நிக்க வச்சிட்டாரேடி!" என்று ஆஸ்பத்திரியின் ஜன்னலோரக் கட்டிலில் அம்மா சிரித்தாள். மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்ச நாளை நான் தினமும் சொல்வேன், அம்மா விரல்விட்டு எண்ணுவாள்.

இன்று காலை பணம் வந்துவிட்டது, கொஞ்சமும் குறையவில்லை.

அந்த ஜன்னலோரக் கட்டிலில் இப்போது வேறொருவர் படுத்திருக்கிறார். அம்மாவின் மூக்குக்கண்ணாடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த துறைமுகத்தில் இறங்கி அடித்துப்பிடித்து ஓடிவராதீர்கள் அப்பா. மெதுவாகவே வாருங்கள்.

உங்கள் மகள்