அக்கரைத் துரையோடு சண்டை

மார்ச் 3

காலையில் ஒரு பிரசவம். பெண் குழந்தை, நல்ல குரல். மத்தியானம் அவரே படகில் என்னை அக்கரைக்குக் கூட்டிப்போனார். கட்டியவர் படகோட்டியாக இருப்பதில் மருத்துவச்சிக்கு உள்ள ஒரே லாபம் இது. அக்கரைக் கோட்டைத் துரையின் மனைவிக்குத் தலைப்பிரசவம். கால் வீங்கியிருக்கிறது, பயம் அதைவிட வீங்கியிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வருவேதானே?" என்று நம் பேச்சில் திக்கித் திக்கிக் கேட்டாள். நான் வராமல் வேறு யார் வருவார்கள் என்றேன்.

வராந்தாவில் நம் கோட்டைத் துரையும் அவள் புருஷனும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வேறு வேறு ராஜா, வேறு வேறு பாஷை. சீட்டில் ஏமாற்றுவதில் மட்டும் இருவரும் ஒன்று.

மார்ச் 11

கப்பல் வந்தது. சண்டையாம். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு ராஜா பிள்ளையில்லாமல் செத்துப்போக, அந்த நாற்காலி யாருக்கு என்று இவர்களுடைய ராஜாக்கள் இருவரும் முட்டிக்கொண்டுவிட்டார்கள். அங்கே உருப்படியான மருத்துவச்சி ஒருத்தி இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

சண்டை தொடங்கி ஐந்து மாதம் ஆகிறதாம். செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்தது. பாவம், எதிரிகள் என்று தெரியாமலே இரண்டு துரைகளும் சீட்டாடியிருக்கிறார்கள்.

நாற்காலியெல்லாம் சும்மா என்கிறார் வீட்டுக்காரர். ஆற்று முகத்துவாரம் முழுசாக யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் கப்பல் வரியாம், கண் அதில்தானாம். எதுவாக இருந்தால் என்ன? அக்கரையில் ஒருத்தி நிறைமாதமாக இருக்கிறாள்.

மார்ச் 12

படகுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிறார். சண்டையின் கொடுமை இன்றே தொடங்கிவிட்டது.

மார்ச் 19

அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். படகோட்டிகள் எல்லாரையும். மேற்கே ஆறு ஆழம் குறைந்த இடத்தில் பீரங்கியை இழுத்துக் கரையேற்ற வேண்டுமாம். மாடு இல்லையா என்று கேட்டேன். மாட்டுக்குத் தீனி போட வேண்டுமே என்றான் சிப்பாய்.

போகும்போதாவது நல்ல வார்த்தை ஒன்று சொல்லுவார் என்று வாசல்வரை போனேன். "படகுக்கு அடியில தார் பூசணும், மறந்துடாதே" என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனுஷன்! கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான் — கோபம்தானா?

மார்ச் 26

முதல் குண்டு. நம் கோட்டையிலிருந்து கிளம்பி அக்கரைத் துரையின் கோழிக்கூட்டில் விழுந்ததாம். பதில் குண்டு நம் துரையின் குளியலறையில். நல்லவேளை, அவர் குளிக்கிற வழக்கம் இல்லாதவர்.

ஏப்ரல் 4

அக்கரைக் கோட்டைச் சுவரில் வெள்ளைத் துணி. சரணடைகிறார்கள் என்று நம் சிப்பாய்கள் துள்ளிக் குதித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, பிரசவ வலி. என்னை அனுப்பச் சொல்லி ஒருவன் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

நம் துரை என்னை வரவழைத்தார். அவருக்குக் கீழே இருக்கும் சின்னத் துரைக்கு ஒரே கவலை: பிறப்பது ஆணாக இருந்தால் எதிரிப் படைக்கு ஆள் சேர்த்த குற்றம் வருமாம். எனக்குப் பொறுக்கவில்லை. "அது பொறந்து, தவழ்ந்து, துப்பாக்கி தூக்க இருபது வருஷம் ஆகும் துரை. அதுக்குள்ள நீங்களும் அக்கரைத் துரையும் மறுபடியும் சீட்டாட உக்காந்துடுவீங்க" என்றேன். துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போ என்று கை மட்டும் அசைந்தது.

துடுப்புப் போட ஆள் இல்லை. நாத்தனார் போட்டாள். படகோட்டியின் தங்கை என்ற பேர்தான். படகு நட்டாற்றில் பம்பரமாகச் சுற்றியது. இரண்டு கோட்டைச் சிப்பாய்களும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பாஷையிலும் அவளுக்கு வழி சொன்னார்கள்.

குழந்தை கால் முன்னால் வந்தது. அதைப் பற்றி எழுதத் தெம்பு இல்லை. தாய் பிழைத்தாள். பெண்ணும் பிழைத்தது.

அக்கரைத் துரை அழுதுவிட்டார். என்ன வேண்டும், கேள் என்றார். என் வீட்டுக்காரர் வேண்டும் என்றேன். ஆள் விட்டு விசாரித்தார். நம் பீரங்கியை இழுத்த ஆட்களோடு சேர்த்து அவரையும் அக்கரைச் சிப்பாய்கள் பிடித்துவிட்டார்களாம். அதே பீரங்கியை அதே ஆட்கள் இப்போது அவர்களுக்காகத் திருப்பி இழுக்கிறார்களாம். உயிரோடு இருந்தால் அனுப்பி வைக்கிறேன் என்றார். இருந்தால்...

திரும்பும்போது, குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அவர்கள் வெடி போட, தாக்குகிறார்கள் என்று நம்மவர்கள் பதிலுக்குப் போட, நட்டாற்றில் நாங்கள் படகுக்குள் படுத்துக்கொண்டோம். அப்போதும் நாத்தனார், என் கால் தன் மேல் படுகிறது என்று சண்டை பிடித்தாள்.

மே 9

செய்தி இல்லை. படகுக்குத் தார் பூசினேன்.

ஜூன் 17

வந்துவிட்டார்! இளைத்துத் துரும்பாக, தாடியும் மீசையுமாக. "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். இருந்தது.

ஜூன் 28

மனுஷன் மாறிவிட்டார். எது சொன்னாலும் தலையாட்டுகிறார். சமையலில் குற்றம் இல்லை. எதிர்ப்பேச்சு இல்லை. அண்ணனைச் சண்டை திருத்திவிட்டது என்கிறாள் நாத்தனார். பழைய பாக்கியெல்லாம் சேர்த்து நேற்று நான் ஏசிய ஏச்சுக்குக்கூடச் சிரித்துவிட்டுப் போனார். இந்த மாற்றம் ருசியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 22

கப்பல். சமாதானமாம். இங்கே முதல் குண்டு போடுவதற்கு முன்பே அங்கே கையெழுத்தாகிவிட்டதாம். அப்படியென்றால் கோழிக்கூடு, குளியலறை, பீரங்கி இழுக்கப் போய்த் திரும்பி வராத அடுத்த வீட்டுக்காரர் — எல்லாம் சமாதான காலத்தில் நடந்ததா? அடுத்த வீட்டுக்காரியிடம் இதை யார் போய்ச் சொல்வது? நான்தான் போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ராஜாக்கள் கரைகளையும் மாற்றிக்கொண்டார்கள். இக்கரை அவர்களுக்கு, அக்கரை இவர்களுக்கு. நாற்காலியை யாரோ ஒரு மூன்றாவது ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

ஆகஸ்ட் 5

கொடி மாறிய மரியாதைக்கு இன்று காலை கோட்டையில் வரிசையாகப் பீரங்கி வெடித்தார்கள். கூரையிலிருந்து தூசி கொட்டியது. பாத்திரம் உருண்டது. நாத்தனார் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அவர் பின்வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்புச் செதுக்கிக்கொண்டிருந்தார். உளி நிற்கவில்லை. தோள்கூட அசையவில்லை.

அடுத்த குண்டு. அதற்கும் இல்லை.

பாவிகள், காது போகும்வரை பீரங்கிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லவேயில்லையே. நான் என்னென்ன ஏசினேன்...

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்தார்.

"நீ திட்டறது மட்டும் நல்லாவே புரியுது" என்றார், ஊருக்கே கேட்கிற குரலில்.

திட்டவில்லை. சாப்பிட வாங்க என்றுதான் சொன்னேன்.