கிளீனர் இல்லாத கேள்விகள்

நைனார்பாளையம்

அன்பு மகன் அன்புச்செல்வனுக்கு, அப்பா சின்னராசு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மருமகள் ராதிகாவும் பேத்தி தனுஷாவும் சுகமாக இருக்கிறோம், ஷார்ஜாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். இது யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே, முழுக்க என் கைதான். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்பில் கற்றுக்கொண்டது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் எழுதியதை நானே திரும்பப் படிக்கும்போது சிரிப்புச் சிரிப்பாக வருகிறது. "காலேஜிக்குப் போற புள்ள மாதிரி இன்னா மினுக்குறாரு பாரு" என்கிறாள் உன் அம்மா.

போன வாரம் பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பலகை பலகையாகப் படித்துக்கொண்டே போனேன். மரவள்ளி லோடு ஏற்ற எத்தனை வருஷம் அந்த ரோட்டில் ஏறி இறங்கியிருப்பேன், அவ்வளவு எழுத்து அங்கே நிற்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. லாரி முதலாளி காஜா பாய் அப்போதே சொன்னார், "சின்னராசு, நாலு எழுத்து கத்துக்கினு வா, லைசென்ஸ் எடுத்துடலாம், வண்டிய உன் கையிலயே குடுத்துடறேன்" என்று. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனேன், கிளீனராகவே காலம் முடிந்தது. நீ அதே வண்டியை ஓட்ட வந்தபோதும் பக்கத்தில் கிளீனர் நான்தான். இப்போது எழுத்து வந்திருக்கிறது, வயசு போய்விட்டது.

அங்கே லைசென்ஸுக்கான எழுத்துப் பரீட்சையில் நீ இரண்டாம் தடவையும் தோற்றுவிட்டாய், இன்னும் ஒரு வாய்ப்புதான், அதுவும் போனால் கம்பெனியில் ஹெல்பராகவே வைத்துக்கொள்வார்கள் என்று போனில் சொன்னாய். "போனா போவுது, நீ இல்லியா, அந்த மாதிரி நானும் இருந்துட்டுப் போறேன்" என்றாய். அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் தாழ்த்திச் சொல்லவில்லை என்று தெரியும், ஆனால் என்னைப் பார்த்து நீ நின்றுவிடக் கூடாதப்பா.

நீ விடை போட்டு அனுப்பிய மாதிரிக் கேள்விகளை ராதிகா கடையில் பிரிண்ட் எடுத்து வந்தாள். உன் விடைகளைக் காட்டாமல் என்னைப் போடச் சொன்னாள். நீ எங்கெங்கே தப்பு செய்தாயோ அங்கெல்லாம் நானும் தப்பு. "நீங்களும் ஃபெயிலுதான் மாமா" என்று அவள் சிரிக்க, "வூட்டுக்கு ஒரு ஃபெயிலு பத்தாதா" என்றாள் உன் அம்மா. நான்தான் சிரிக்காமல் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டிப் படித்தேன். பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, வண்டியை ரிவர்ஸ் எடுக்க வேண்டும், என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. பக்கத்தில் இருப்பவர் சொல்கிறபடி எடுப்பேன் என்று இருவரும் போட்டிருக்கிறோம். தானே இறங்கிப் பார்க்க வேண்டுமாம். தூக்கம் வந்தால்? பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஓட்டுவேன் என்று போட்டோம், ஓரம்கட்டித் தூங்க வேண்டுமாம். அப்போதுதான் புரிந்தது, அந்தக் கேள்விகளில் கிளீனர் என்று ஒருவனே கிடையாது. கதவைத் தட்டி, "வா, வா, இன்னும் வரலாம்" என்று நான் கத்திக் கத்தியே உன்னைப் பழக்கிவிட்டேன். நீ ஒவ்வொரு கேள்விக்கும் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பதில் போட்டிருக்கிறாய். அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

இந்தத் தடவை என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டுப் பரீட்சைக்கு உட்கார். கேள்வியை இரண்டு முறை படி, வண்டியில் நீ மட்டும்தான் என்று நினைத்துக்கொள். அந்த ஊரில் டிரைவர் இடது பக்கம் உட்காருவார் என்று சொன்னாயே. இங்கே அது என் சீட்டு. என்னால் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போன அந்தப் பக்கத்தில் நீ பிடித்து உட்கார வேண்டும், எனக்கு அது போதும்.

நீயும் உன் கூட இருக்கிற பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், சாமி துணை இருக்கும். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். ஒன்று மறக்காதே, பாஸானால் ராதிகாவுக்கு போனில் சொல், எனக்குக் கடிதமாக எழுது. உன் அம்மாவுக்கு நான் படித்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னராசு (கைநாட்டு இல்லை, கையெழுத்து)