கல்குழியிலிருந்து பீப்பாய்கள் மேலே வந்தன

என் கண்ணு தேனுவுக்கு,

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. பயத்தில் இல்லைடி, சந்தோஷத்தில். உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. கேளேன்: நம் தோட்டத்துக்கு மேலே இருக்கிற பழைய கல்குழியிலிருந்து பீப்பாய்களை வெளியே எடுத்துவிட்டார்கள்! இன்று கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கத் தூக்க, நல்லம்பள்ளிக்குப் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

உனக்கு இரத்தப் புற்றுநோய் என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "எனக்கு ஏன் வந்துச்சு டாக்டர்?" என்று நீதான் கேட்டாய். அந்த டாக்டரம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியலடா. நெறைய பேருக்கு ஏன்னே கண்டுபிடிக்க முடியறதில்ல" என்றார். பொய் சொல்லாததற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். ஆனால் நீ விட்டாயா? பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணும் நம் ஊர்ப் பக்கம் என்று தெரிந்ததும் என்னை இழுத்து, "அவங்க வூடும் கல்குழிக்குக் கீழதாம்மா. தண்ணியப் பாக்கச் சொல்லும்மா" என்றாய்.

எங்கிருந்தோ வந்த லாரிகள் அந்தக் குழியில் எதையோ கொட்டியது ஊருக்கே தெரியும். நீ போன பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். "போன புள்ள திரும்பியா வரப்போவுது? ஊர்ப் பேரு கெட்டா நம்ம தக்காளிய எவன் வாங்குவான்?" என்றார்கள். உன் அப்பாகூட, "உடு சாந்தி, என்னால தாங்க முடியல" என்று எழுந்து போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரவர் அழுகை அவரவருக்கு.

கலெக்டர் ஆபீசுக்கு எத்தனையோ முறை நடந்த பிறகு, நேற்று காலை தண்ணீரைச் சோதிக்க அதிகாரிகள் வந்தார்கள். குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் மண்ணுதானேம்மா இருக்கு" என்று ஜீப்பில் ஏறப் போனார்கள். நான் வழியை மறித்து நின்றேன். எனக்குப் பின்னால் யாருமில்லை என்றுதான் நினைத்தேன். திரும்பினால் உன் அப்பா! தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் சேற்றுக் காலோடு ஓடி வந்திருக்கிறார். "தோண்டிப் பாக்காம போவாதீங்க சார். எம் பொண்ணு தேன்மொழி கேட்டதுங்க" என்றார். நீ போனதிலிருந்து உன் பெயரை அவர் வாயால் கேட்டதே இல்லை, தேனு.

அடுத்து நடந்ததை நீ நம்ப மாட்டாய். குழிக்குச் சொந்தக்காரரான மாது பெரியப்பா, வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "நாந்தாங்க கொட்ட உட்டேன். பாப்பா போனப்பவே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். கெழக்கு மூலையில தோண்டுங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லையா? இருக்கிறது. நாளைக்கும் இருக்கும். ஆனால் அவர் கையை நீட்டிக் காட்டிய அந்த நிமிடம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜேசிபி மண்ணைக் கிளறியதும் துருப்பிடித்த பீப்பாய் ஒன்று தெரிந்தது. வாடை தாங்க முடியவில்லை. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "இருக்குதுங்க! இருக்குதுங்க!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன், கைதட்டினேன். விஷத்தைப் பார்த்து எந்த அம்மாவாவது கைதட்டுவாளா?

போர்வெல் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்று சாயங்காலமே குடிதண்ணீர் லாரி வந்தது. இன்று முகமூடி போட்ட ஆட்களும் கிரேனும் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சோதனை முடிவு வர நாளாகும். "இதனாலதான் உங்க பொண்ணுக்கு வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதுங்கம்மா" என்றார் அந்த அதிகாரி. கடைசிவரை தெரியாமலே போகலாம். அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இன்று தெருக்குழாயடியில் பிள்ளைகள் லாரித் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாயிற்று நான் சிரித்து!

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் பக்கத்தில் இனி எந்தப் பிள்ளைக்காவது உனக்கு வந்ததுபோல் காய்ச்சல் விடாமல் அடித்தால், அதன் அம்மாவைத் தனியாகச் சேலம் பஸ் ஏற விட மாட்டேன். எந்த வாசலில் நிற்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை என் மடியில் வாங்கிக்கொண்டு நானும் ஏறுவேன்.

"எனக்கும் சேத்து எழுது" என்று வீட்டுக்குள்ளிருந்து உன் அப்பா குரல் கேட்கிறது. எழுதிவிட்டேன்.

உன்னைப் பெற்ற
அம்மாவும் அப்பாவும்