யாருடைய வண்டி

மச்சான்,

உன் வேனின் சாவி என் மேசையில் கிடக்கிறது. இன்று காலை உன் மனைவி வந்து வைத்துவிட்டுப் போனாள். அதிலிருந்தும் ஒட்டுப்பால் நாற்றம் போகவில்லை. அரநாயக்கவிலிருந்து கேகாலைக் கடைகளுக்கு ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றி இறக்கிய வண்டியல்லவா, சாவி வரைக்கும் ஊறிப்போயிருக்கிறது. ஏசி போட்ட இந்த அறைக்குள் அந்த வாடை வந்ததும், எதிரே நீ உட்கார்ந்து, "என்ன மச்சான், இன்னைக்கு எந்த நாட்டுக்காரன் வந்தான்?" என்று கேட்பது போலிருந்தது.

வங்கியின் வட்டியில்லாத இஸ்லாமியப் பிரிவில் உட்கார்ந்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. கட்டாரிலிருந்து வந்தவர், அங்கே கையில் காசாகவே தந்தார்களே என்பார். பாகிஸ்தானில் படித்துவிட்டு வந்தவர், அங்கே வங்கியும் ஆளும் கூட்டாக வீடு வாங்கி, வங்கியின் பங்கை ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளலாம் என்பார். மலேசியாவில் செல்லுபடியாகிற ஒரு விற்பனை, நடுவில் ஒரு நீரிணையைத் தாண்டி இந்தோனேசியாவுக்குப் போனால் செல்லாது. இந்தியாவில் இப்படி ஒரு வங்கியே கிடையாது. ஒரே மார்க்கம்தானே, ஏன் நாட்டுக்கு நாடு வேறு சட்டம் என்று எல்லோரும் கடைசியில் என்னைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. நேற்றுக் கேட்டவரிடம், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டுச் சமாளித்தேன்.

நீ இருந்தால் பொறுமையாகச் சொல்லியிருப்பாய். இதே கிளையில் என்னோடு வேலைக்குச் சேர்ந்து, பிறகு கோலாலம்பூர் வங்கிக்குப் போனவன் நீ. காசு தேவைப்பட்டு வருகிறவருக்கு அங்கே வங்கி பாம் எண்ணெயைத் தவணைக்கு விற்கும். அவர் சார்பில் அதையே வேறொருவருக்கு உடன் காசுக்கு விற்று, வந்த பணத்தை அவர் கையில் கொடுக்கும். எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் முடிந்துவிடும். "அவ்வளவு எண்ணெய் வாங்கி வித்திருக்கேன், ஒரு வட சுட்டுப் பாக்கல்ல மச்சான்" என்று தொலைபேசியில் சிரிப்பாய். ஆனால் அது வெறும் கண்துடைப்பு என்று நான் சொன்னபோது உனக்குக் கோபம் வந்தது. "அங்க உள்ள ஆலிம்மாரும் ஓதினவங்கதான். எனக்குத்தான் கை பழகல்ல" என்றாய். அந்தக் கை பழகாமலே ஊருக்குத் திரும்பி வந்து, சேமிப்பைப் போட்டு வேன் வாங்கினாய்.

பிறகு இதயத்தில் அடைப்பு வந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்றார்கள். கோலாலம்பூரில் இருந்திருந்தால், நீ எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்த அதே ஒப்பந்தத்தில் உனக்கும் ஒரே மத்தியானத்தில் பணம் கிடைத்திருக்கும். இங்கே எங்கள் ஷரீஆ சபை அதை அனுமதிப்பதில்லை. பக்கத்துக் கவுண்டரில் வட்டிக்குக் கடன் இருந்தது. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு உன் மேல் எரிச்சலாக வந்தது. பயமாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. வங்கி உன் வேனை விலைக்கு வாங்கும், பிறகு உனக்கே வாடகைக்குத் தரும், வாடகை முடிந்ததும் தனி எழுத்தில் அன்பளிப்பாகத் திருப்பித் தரும். சபையில் இருக்கிற கொழும்பு உலமாக்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். விற்பனை உண்மையானதாக இருக்க வேண்டும், வண்டி வங்கியின் கைக்கு வந்த பிறகுதான் வாடகை ஒப்பந்தம்.

நீ விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைத் தந்தாய். வாடகை ஒப்பந்தத்துக்குத் தலைமையகத்தின் அனுமதி அன்று வந்து சேரவில்லை. வெளியே மழை. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போ, நாளைக்குக் கொண்டுவா என்று சாவியை உன் பக்கம் தள்ளினேன். நீ அதைத் தொடவில்லை.

"யாருட வண்டிய மச்சான்?" என்றாய்.

விளையாடுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாய். அந்த இதயத்தை வைத்துக்கொண்டு அரநாயக்க மேட்டில் ஏறப்போகிறாயே என்று நான் வாசலில் நின்று உன்னைத் திட்டினேன். மறுநாள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஒன்றும் நடக்காதது போல வேனை எடுத்துக்கொண்டு போனாய். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அல்லாஹ் இன்னும் கொஞ்ச காலம் தந்தான்.

நீ போன பிறகு நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்து, உன் மனைவி இத்தா முடிந்து முதன்முதலாக வெளியே வந்தது இந்த வங்கிக்குத்தான். மெலிந்துபோயிருக்கிறாள். "நானா, அவர் மௌத்தானதுக்குப் பொறகு நாங்க வண்டிய எடுக்கல்ல. பேங்குட சாமான்" என்றாள். வேன் இத்தனை மாதமும் வீட்டுப் பக்கத்தில் படங்கு மூடிக் கிடந்திருக்கிறது. மகன் வாடகை ஆட்டோவில் ஷீட் ஏற்றி, வருகிற காசில் பாதியை அதற்கே கொடுத்திருக்கிறான்.

நீ இருந்தபோதே வாடகை ஒப்பந்தம் ஓட்டுவதற்கு உரிமை தந்திருந்தது, குடும்பமும் எடுத்திருக்கலாம் என்று சொன்னேன். மிச்ச வாடகையைத் தகாஃபுல் காப்புறுதி தீர்த்துவிட்டது, வேன் இனி உங்களுக்குத்தான், கொண்டுபோங்கள் என்றேன். எங்கள் மெனேஜர் அம்மாவும் எழுந்து வந்து, கடிதம் பிறகு வரும், பரவாயில்லை என்று சிங்களத்தில் சொன்னார்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அன்பளிப்பு எழுத்து வந்துட்டா நானா?"

"இன்னும் இல்ல தங்கச்சி. கொழும்புல ஈக்குது."

"அப்ப வரட்டும்" என்று சாவியை என் மேசையில் வைத்தாள். நீ தொடாமல் விட்டுப்போன அதே இடத்தில். பிறகு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மச்சான், இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். எந்த நாட்டு ஒப்பந்தம் சரி என்று எனக்கு இன்றைக்கும் அடித்துச் சொல்லத் தெரியாது. களைப்பும் போகவில்லை. ஆனால் நாளைக்கு முதல் பஸ்ஸில் நானே கொழும்புக்குப் போய், அந்த எழுத்தைக் கையோடு வாங்கி வரப்போகிறேன்.

சற்று முன் மெனேஜர் எட்டிப்பார்த்து, நீயே போய் வேனை எடுத்து வந்து கழுவிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். சாவியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"யாருட வண்டிய மிஸ்?" என்றேன்.