பொத்தான் இல்லாத கோட்டு

மார்ச் 4
ஊரில் தம்பியை மறுபடி காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே அடுத்த வாரம் அச்சாக வேண்டிய என் கார்ட்டூன் அங்கே அவர்கள் மேசையில் கிடந்ததாம். "இன்னும் வெளிவரலன்னு நீ சொன்ன படத்த என்கிட்டயே காட்டுறாங்கண்ணே. அடுத்த தடவ சும்மா அனுப்ப மாட்டாங்களாம்" என்றான் போனில்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். வார இதழின் ஆசிரியர், அச்சகக்காரர். இருவரும் என்னைப் போலவே நாட்டை விட்டுத் தப்பி வந்தவர்கள். தப்பி வந்தவர்களா, அனுப்பி வைக்கப்பட்டவர்களா?

மார்ச் 5
அச்சகக்காரர் புது செல்போன் வைத்திருக்கிறார்.

மார்ச் 8
ஆசிரியர் இன்று தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். பதிலுக்கு நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 11, வெள்ளி
வழக்கப்படி காலையில் சமையலறை மேசையில் பென்சிலில் போட்டு, ஊரிலிருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். பள்ளிக்கூட நோட்டில் கிறுக்கிய காலத்திலிருந்து அவள் பார்க்காமல் நான் மையைத் தொட்டதில்லை. கழுத்து நீளம் என்றாள். குறைத்தேன்.

மையில் போடும்போதுதான் பொறி வைத்தேன். எங்கள் நாட்டை ஆளும் பெரியவரின் கோட்டுப் பொத்தான்களைக் கடைசியில்தான் போடுவேன். அச்சகக்காரருக்கு அனுப்பியதில் ஐந்து பொத்தான், ஆசிரியருக்கு ஆறு. எது அங்கே போய்ச் சேருகிறது, பார்த்துவிடுவோம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "எனக்கு எத்தன பொத்தான்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 14
பொறுமை இல்லை எனக்கு. பேருந்து நிறுத்தத்தில் அச்சகக்காரர் யாரோ ஒருவனோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். பின்னாலேயே அச்சகத்துக்குப் போய், "யாருக்கு வேலை பாக்குறீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

கை மையைத் துணியில் துடைத்தபடி, "வந்த புதுசுல ஒரு மாசம் என் வீட்லதான சாப்ட்டீங்க? அப்பவே கேட்டிருக்கலாமே" என்றார். துணியை வீசிவிட்டு எந்திரத்தை ஓட்டப் போய்விட்டார். இதுவும் நடிப்போ?

மார்ச் 18, வெள்ளி
தம்பியை இரண்டு நாள் வைத்திருந்து இன்று விட்டிருக்கிறார்கள். வாய் வீங்கிப் பேச்சுக் குழறுகிறது. அந்த நிலையிலும் நான் கேட்டது என்ன? படத்தில் எத்தனை பொத்தான் என்று. வெட்கமாக இருக்கிறது.

"பொத்தானே இல்லண்ணே. கோட்ட தொறந்து போட்டு அசிங்கப்படுத்துறானா உங்கண்ணன்னு கேட்டுத்தான் அடிச்சாங்க."

பொத்தான் இல்லாதது பென்சில் படம் மட்டும்தான். அது போனது ஒரே ஆளுக்குத்தான்.

படத்தைப் பார்த்தவர்கள் பட்டியலில் அக்காவை நான் சேர்க்கவே இல்லை. என் கண்ணையே நான் எப்படிச் சேர்ப்பேன்?

பத்து வருடத் தண்டனை பெற்ற அத்தானைப் பத்தே மாதத்தில் விட்டார்கள். நன்னடத்தை என்றாள். அதையும் நம்பினோம். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன்—

ஏன்க்கா? ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? தம்பியும் உன் தம்பிதானே?

படம் அனுப்பாவிட்டால் அத்தான் உள்ளே போவார். அனுப்பினால் தம்பி அடிபடுவான். இன்று எதுவும் அனுப்பவில்லை.

மார்ச் 20
அச்சகக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இன்னும் ரெண்டு நாள் கோவமா இருந்துக்கிறேன். அப்புறம் வாங்க" என்றார்.

மார்ச் 25, வெள்ளி
இந்த வாரப் படத்தை நேராக மையிலேயே போட்டு அச்சகத்தில் கொடுத்தேன். முதல் தடவையாக அக்கா பார்க்காத படம்.

பிறகு அவளுக்கென்று தனியாக ஒன்று, பென்சிலில். பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், அவ்வளவுதான். இதைக் காட்டி யாரையும் அடிக்க முடியாது. அவள் கையிலும் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.

அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள்.

"இதுதான் இந்த வாரத்துதா?"

"இதுதான்க்கா. இனிமே இப்படித்தான் போடப்போறேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "மெதுவா பேசுடா, அத்தான் தூங்குறாரு" என்றாள்.

"தூங்கட்டும்க்கா" என்றேன்.